எதிர்க்கற்றை

மூன்று வருஷம் கண் பூத்துப் பார்த்த வேலையை அக்காள் புருஷன் தன் பெயரில் போட்டுக்கொண்டால் ஒருத்திக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள் கண்ணுகளா.

இவள் அணு இணைவுக் கூடத்தில் கற்றைக்காரி. வளையம் போன்ற உலோகக் கலத்துக்குள், கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவைக் காந்தங்கள் சுவரில் படாமல் பிடித்து வைத்திருக்கும். வேகமான அணுக்களைக் கற்றையாகப் பாய்ச்சி அதைச் சூடேற்றுவது இவள் வேலை. மொத்தம் நான்கு கற்றைகள். இரண்டு ஒரு பக்கமாகப் பாயும், இரண்டு அதற்கு எதிராக.

பிளாஸ்மாவில் அவ்வப்போது ஒரு நெளிவு கிளம்பும். அது வளர்ந்தால் எல்லாம் போச்சு. ஒரே பக்கத்துக் கற்றைகளை மட்டும் பாய்ச்சினால் நெளிவு அடங்குவதை இவள்தான் கண்டாள். கற்றை சூட்டோடு நிற்கவில்லை, பிளாஸ்மாவைத் தள்ளிச் சுழலவும் வைத்தது. சுழலும் வரை நெளிவுக்குக் காலூன்ற இடமில்லை.

இதையெல்லாம் கோடுகளாக அவள் வரைந்த படத்தைக் கூடத்தின் தலைவரான அத்தான், "பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிப் போய்த் தன் கட்டுரையாக வெளியிட்டார். எடுத்ததை ஒழுங்காகவாவது படித்தாரா? படத்தில் சூடும் சுழற்சியும் சேர்ந்தே ஏறியிருந்தன. மனுஷன் சூட்டைப் பிடித்துக்கொண்டு, அதுதான் நெளிவை அடக்குகிறது என்று எழுதிவிட்டார்.

அவள் திருத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மாதம் காத்திருந்தாள்.

கட்டுரையில் சொன்னதை நேரில் பார்க்க வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் அத்தான் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நாலையும் போடு. ரெண்டு மடங்கு சூடு, அப்படியே அடங்கி நிக்கும் பாரு."

"எதிர்ப்பக்கம் ரெண்டுமா அத்தான்?"

"பக்கம் என்ன பக்கம்! சூடு சூடுதானே. இந்தக் கொழுந்தியா கேள்வி கேட்டே என் தலை நரைச்சுப் போச்சு."

"நரைக்க அங்க என்ன மிச்சம் இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் நான்கையும் போட்டாள்.

சூடு விறுவிறுவென்று ஏறியது. அத்தான் முகம் மலர்ந்தது. சுழற்சியைக் காட்டும் கோட்டை அவள் மட்டும் பார்த்தாள். இரண்டு பக்கத் தள்ளலும் ஒன்றையொன்று தின்றுவிட, அது பாதியானது, கால்வாசியானது, பூஜ்யமானது. ஓடிக்கொண்டிருந்த நெளிவு ஓரிடத்தில் நின்று வளர்ந்தது. தரை அதிர்ந்தது. பிளாஸ்மா சுவரில் மோதி அணைந்தது.

"சூடு ஏறிச்சே, அப்புறம் ஏன் கவுந்துச்சு?" என்று கேட்டார் மூத்த நிபுணர்.

அத்தான் அவள் காதருகே குனிந்தார். "நீ கொஞ்சம் சொல்லும்மா. குடும்ப மானம்."

"அது யார் படம்னு மொதல்ல நீங்க சொல்லுங்க."

"இவ வரைஞ்சது," என்று முணுமுணுத்தார்.

"கேக்கல அத்தான்."

"இவ வரைஞ்சது! நான் எடுத்துக்கிட்டேன்!"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பிறகுதான் அவள் எழுந்து விளக்கினாள்.

ஆறு வாரம் இயந்திரம் ஓடவில்லை. கலத்துக்குள் நுழைந்து, கருகிய சுவர் ஓடுகளை அவளே கழற்றினாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. துளி வருத்தமில்லை. வெளியே அத்தானின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், கழற்றிய ஓடு ஒவ்வொன்றையும் தொட்டியில் கொஞ்சம் ஓங்கியே போட்டாள்.