மாஸ்டரின் கை

நகராட்சி பேண்டில் பெரிய டிரம் அடிப்பவளை எல்லோரும் இடியக்கா என்பார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒத்திகை. அந்த இரண்டு சாயங்காலம் மட்டும் இல்லையென்றால் அவள் எப்போதோ இஸ்திரிப் பெட்டியை யார் தலையிலாவது போட்டிருப்பாள் என்று அவள் கணவர் சொல்வார். பக்கத்தில் இருக்கிற தலை தன்னுடையது என்பதால் அவர் பேண்டுக்கு ஒருநாளும் தடை சொன்னதில்லை.

அவளைச் சேர்த்துக்கொண்டவர் பேண்ட் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் அவர் சங்கீதம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த டிரம்மைத் தூக்கச் சொன்னார். ஈர விரிப்புகளைத் தூக்கிப் பழகிய கை, தூக்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். அவ்வளவுதான் தேர்வு.

மாஸ்டர் அணிவகுத்து நடக்கிற மார்ச் பாட்டு தவிர வேறெதையும் வாசிக்க விடமாட்டார். உட்கார்ந்து கேட்கிற பாட்டுக்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நடக்க வைக்கிற பாட்டுக்கு நாம்தான் என்பது அவர் கட்சி. ஆள் குள்ளம், கோட்டு பெரிசு, முகத்தில் எப்போதும் பல்வலிக்காரனின் கடுகடுப்பு. ஆனால் மேடையேறி, தாளம் காட்டும் கோலைத் தூக்கி, மூக்கால் ஒரு மூச்சு இழுத்தாரென்றால் நாற்பது பேரும் சேர்ந்து மூச்சிழுப்பார்கள். பூங்காவில் வாசிக்கிற நாட்களில் எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட இருந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஊன்றுகோலோடு வந்த கிழவர் ஒருவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை நிமிர்ந்து நடந்து போனதை இடியக்காவே பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு மனுஷனை அதற்கு முன்னால் அவள் கண்டதில்லை. அப்பாவைவிட, ஏன், கணவரைவிட ஒரு படி மேலாகவே அவரை வைத்திருந்தாள். கணவரிடமே இதைச் சொல்லியும் இருந்தாள்.

பெரிய டிரம்முக்கு மாஸ்டர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. காதை நம்பாதே, கையைப் பார். டிரம் நிற்பது கடைசி வரிசையில். முன்வரிசைச் சத்தம் அங்கே வந்து சேர்வதற்குள் துளி தாமதமாகிவிடும். அதைக் கேட்டு அடித்தால் அடி பிந்திப்போகும். கோல் கீழே இறங்கி நிற்கிற கணத்தைக் கண்ணால் பிடித்து அடிக்க வேண்டும். இருபது வருஷம் இடியக்கா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவர் கையைத்தான் பார்த்தாள். வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகுதான் அந்தக் கை பிந்த ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. மார்ச் சரியாகத்தான் கிளம்பும். இரண்டாம் பாகம் வரும்போது கோல் இடுப்பளவு தண்ணீருக்குள் நடப்பதுபோல இழுத்துக்கொண்டு இறங்கும். மாஸ்டருக்கு அது தெரியவில்லை. கை சரியாகப் போவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இடியக்கா அந்தக் கையை நம்பி அடித்ததில், நல்ல துள்ளலான மார்ச் சவ ஊர்வலமாகிவிட்டது. முதல் கிளாரினெட் வாசிக்கிற சவரக்கடைக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அடுத்த ஒத்திகையில் இடியக்கா கண்ணை மாஸ்டரின் கையிலிருந்து எடுத்து எதிர்ச்சுவரில் வைத்தாள். நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி என்ற பழைய கணக்கு அவள் நெஞ்சுக்குள் இருந்தது. அதை அடித்தாள். நாற்பது பேரும் அவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்படியே இரண்டு வருஷம். காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. மாஸ்டர் மேடையில் கோலை வீசுவார். பேண்டு அவருக்கு அரை இமை முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று அவர் சிடுசிடுப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். உண்மையை யார் சொல்வது? சனிக்கிழமைதோறும் அவர் கழுத்தில் கத்தி வைக்கிறவன் நான், எனக்கே தைரியம் வரவில்லை என்றார் சவரக்கடைக்காரர். மாஸ்டரின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. பேண்டை எடுத்துவிட்டால் அவருக்கு இரண்டு அறையும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் நகராட்சிக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். மாஸ்டருக்கு வயசாகிவிட்டது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். தீயணைப்புப் படையின் அணிவகுப்பு ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அதில் எப்படி நடத்துகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் இடியக்காவுக்கு ஒரு தெம்பு இருந்தது. அவள் கை இருக்கும்வரை அவர் கை விழாது.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை முடிந்து எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் பின்வரிசைக்கு நடந்து வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அங்கே வந்ததில்லை. டிரம்மின் விளிம்பில் கையை வைத்தார்.

"நீ என்னைப் பாக்கிறதில்ல" என்றார். "ரெண்டு வருஷமா கவனிக்கிறேன். சுவத்தைப் பாக்கிற. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அது இல்லை. வருத்தம்தான் இருந்தது. அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, இடியக்கா கையில் கிடைத்த பொய்யைச் சொன்னாள்.

"அதெல்லாம் இல்ல மாஸ்டர். கண்ணு சரியாத் தெரியல. அவ்வளவு தூரத்துல உங்க கை மங்கலா இருக்கு."

மாஸ்டர் முகம் மாறிவிட்டது. இதைச் சொல்ல இத்தனை நாளா என்று அவளைக் கடிந்துகொண்டார். சலவைக்கூடத்து ஆவி கண்ணைக் கெடுத்திருக்கும் என்றார். அவள் தோளைத் தொடப் போய், தொடாமல், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டார். வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடு என்றார். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்றாள் இவள்.

ஞாயிறு காலை மைதானத்துக்குப் போனபோது கடைசி வரிசையில் அவள் டிரம் இல்லை. மாஸ்டரின் மேடைக்கு நேர் முன்னால், கை நீட்டினால் அவரைத் தொட்டுவிடுகிற தூரத்தில், அதன் தாங்கியைப் போட்டு வைத்திருந்தார். எந்த பேண்டிலும் பெரிய டிரம் அங்கே நிற்காது. கண் தெரியாதவளுக்காக அவரே விடியற்காலையில் வந்து, அந்தக் கையால், அதை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சவரக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இடியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் கோட்டின் மேல் பொத்தானையே பார்த்து அடித்துவிடுவது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அதிகாரி பந்தலில் உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு வீரர்கள் வாசலில் நான்கு வரிசையாகத் தயாராக நின்றார்கள். மாஸ்டர் மூக்கால் மூச்சிழுத்தார். மார்ச் கிளம்பியது.

முதல் பாகம் முழுக்க பொத்தான் அவளைக் காப்பாற்றியது. மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் கால்கள் ஒரே காலாக விழுந்துகொண்டிருந்தன. இரண்டாம் பாகம் தொடங்குகிற இடத்தில் மாஸ்டர் குனிந்து, இடது கை விரலால் தன் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். பார், என்று அர்த்தம். கூடவே சிரித்தார். கடுகடுப்பே முகமான மனுஷன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் பார்த்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளே மடிந்து கிடந்தது. சுண்டுவிரல் தனியாக நடுங்கியது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கையை அல்ல, தோளையே தூக்கி அந்தக் கையை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஆனாலும் அடுத்து எங்கே பொங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கையில் அப்படியே இருந்தது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு அதோடு அடிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. அவள் அதோடு அடித்தாள்.

பேண்டு தடுமாறியது. பாதிப் பேர் அவள் பின்னால் வந்தார்கள், பாதிப் பேர் பழைய வேகத்திலேயே போனார்கள், பிறகு எல்லோருமே அவள் பின்னால் விழுந்தார்கள். மார்ச் தேய்ந்தது. பூட்ஸ் கால்கள் கலைந்தன. முதல் வரிசை மீது இரண்டாம் வரிசை இடித்தது. பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வீரர்களின் கால்களைப் பார்த்தார். பிறகு பேண்டைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது அவர் கையை விட்டு ஓடாமல், கையோடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது கையால் அதைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

இடியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. நெஞ்சுக்குள் இருந்த நூற்றிருபதைத் தேடி எடுத்து, ஓங்கி அடித்தாள். நான்கு அடியில் பேண்டு வந்து சேர்ந்தது. எட்டு அடியில் கால்கள் சேர்ந்தன. மார்ச் முடிகிறவரை மாஸ்டர் மேடையை விட்டு இறங்கவில்லை. கை இரண்டையும் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவரைப்போல, தன் பேண்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்வதற்குள் அதிகாரி எழுந்து போய்விட்டார். வாத்தியக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு பெட்டிகளைத் தேடிப் போனார்கள். மேடைக்குக் கீழே மாஸ்டரும் இடியக்காவும்தான் நின்றார்கள்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் மாஸ்டர்.

"தெரியும் மாஸ்டர்."

"ரெண்டு வருஷமா நீதான் நடத்தியிருக்க."

அவள் இல்லை என்று சொல்ல நினைத்தாள். நீங்கள் போட்ட நடைதான் என்று சொல்ல நினைத்தாள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, நாற்பது பேர் நடுவில் அவரைத் தனியாக நிற்க வைத்திருக்கிறோம் என்பதும், கடைசியில் அவரைக் கவிழ்த்ததும் தன் கைதான் என்பதும் அவளுக்கு உறைத்தது.

மாஸ்டர் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். விரல் வழுக்கி, இரண்டாவது தடவையில்தான் எடுக்க முடிந்தது. அவளிடம் கொடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாஸ்டர்."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"நேத்து கண் டாக்டர்கிட்ட போய் உனக்கு நேரம் வாங்கிட்டு வந்தேன். நாளைக்கு பத்து மணிக்கு" என்றார். "வேண்டாம்னு சொல்லிடறேன்."