ரிங்குக்குக் கீழே நந்திதா

எங்கள் கூடைப்பந்து டீமின் பலம் எது, பலவீனம் எது என்று யார் கேட்டாலும் ரிங்குக்குக் கீழே கையைக் காட்டுவேன். அந்த இடத்தைப் போஸ்ட் என்போம். பந்தை அங்கே அனுப்புவது கேப்டனான என் வேலை. அங்கே நிற்க எங்களுக்கு இரண்டு பேர். ஷோபா நல்ல உயரம். கையைத் தூக்கினால் பந்து சிக்கும். ஆனால் யாராவது இடுப்பால் ஒரு இடி இடித்தால் தள்ளிப் போய் நின்று மன்னிப்புக் கேட்பது போலப் பார்ப்பாள். நந்திதா அவளைவிடக் குள்ளம். முட்டியை மடக்கி, முதுகைக் கொடுத்து நின்றுவிட்டாளென்றால் அவளை நகர்த்த ஜேசிபி வேண்டும். பலமெல்லாம் தொடையில்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் ஃபைனல். எதிர் டீமில் போஸ்டில் நிற்கும் சென்டர் இடித்து ஆடுகிறவள். அதனால் நந்திதாதான் முதல் ஐந்தில் என்று எங்கள் கல்லூரி பி.டி. ஹரிபாபு சார் முடிவு செய்தார். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறவர்களும் அன்று வந்திருந்தார்கள். நந்திதாவுக்கு அதுதான் முக்கியம். பேர் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் திருப்பதியிலேயே பி.ஜி. படிக்கலாம். வராவிட்டால் ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகவேண்டும் என்று, நகரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவள் நைனா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு எரிச்சல் வந்தது. பந்தைக் கொடுத்தால் நந்திதா திரும்பவே மாட்டேன் என்கிறாள். எம்பினால் ஷூ தரையைவிட்டுக் கிளம்பவில்லை. அந்த சென்டர் இவளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஹாயாகக் கூடை போட்டுக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் நந்திதாவைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாடி ஆச்சி உனக்கு? காலுல ஆணி அடிச்சி வெச்சிருக்காங்களா?”

“நேத்து மலைக்கு நடந்து போய்க்கினு வந்தேன்.”

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறியிருக்கிறாள். ஏறியதோடு விடாமல் நடந்தே இறங்கியும் வந்திருக்கிறாள். பஸ்ஸில் இறங்கினால் பாதி வேண்டுதல்தானாம்.

“ஃபைனலுக்கு மொத நாளா? அறிவு இருக்குதா? அடுத்த வாரம் ஏறினா பெருமாள் கோச்சிக்குவாரா?”

“உன் கணுக்கால் சரியாவணும்னு வேண்டிக்கினேன். சரியாயிட்ச்சி. வேண்டுதல நிறுத்தி வெச்சிக்கினு மேட்ச் ஆடி, உனக்குத் திரும்பப் பிசகிச்சின்னா?”

போன மாதம் ப்ராக்டிஸில் பிசகிய கால் அது. அந்தக் காலோடுதான் அன்று மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கோபம் அப்படியே இருந்தது.

கடைசிப் பகுதியில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். சார் டைம் அவுட் கேட்டார்.

“கௌசிகா, போஸ்ட் பர்லேதா?” என்றார். போஸ்ட் தேறுமா தேறாதா என்பது பந்து கொடுக்கிறவளுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. என்னைக் கேட்காமல் அங்கே ஆளை மாற்றமாட்டார்.

பர்லேது, பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நந்திதா உள்ளேயே இருந்திருப்பாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆள் எடுக்கிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் அவள் நைனா. என் கால் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஷோபாவ எறக்குங்க சார். நந்திதாவுக்குக் கால் போயிட்ச்சி.”

ஷோபாவுக்கு உயரத்தில் பந்து போட்டேன். எதிர் சென்டர் அதற்குள் களைத்திருந்தாள், இடிக்கத் தெம்பில்லை. ஷோபா கையைத் தூக்கினாள், எடுத்தாள், போட்டாள். மூன்று புள்ளியில் ஜெயித்தோம். யுனிவர்சிட்டி டீமுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை அங்கேயே அறிவித்தார்கள்: நானும் ஷோபாவும்.

திருப்பதி திரும்பும் பஸ்ஸில் நந்திதா காலை என் மடிமேல் நீட்டிக்கொண்டாள். ஆடுசதை கல்லாக இறுகிக் கிடந்தது. அமுக்கிவிட்டேன்.

“நீ சொன்னது கரெக்டுதான். நான் ஆடியிருந்தா தோத்திருப்போம்” என்றாள்.

“நைனா இன்னா சொன்னாரு?”

“பரீட்சை முடிஞ்சதும் ஸ்ரீசிட்டி. மாமா பையன் பேசி வெச்சிட்டானாம்.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதுவிட்டேன்.

“அழுவாதடி. இன்னும் கொஞ்சம் கீழ அமுக்கு” என்றாள் நந்திதா.