ஈரப் பஞ்சும் இருபது முகங்களும்

1

இந்தக் கதை ஒரு பஞ்சிலிருந்து வந்தது. உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்த, உள்ளங்கை அளவுப் பஞ்சு. அதை வயதானவர்களின் தலையில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டுவது ஓர் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. பஞ்சு வழியாக மெல்லிய மின்சாரம் போகும். போனால் ஞாபகம் கூடுமா என்பதுதான் கேள்வி. வருகிறவர்கள் நோய் எதுவும் இல்லாத, நன்றாக இருக்கிற முதியவர்கள். பாதிப் பேருக்கு மின்சாரம் முழு நேரமும் ஓடும். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் அரிப்பு மட்டும் தந்துவிட்டு மெஷின் தானாக நின்றுவிடும். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மனித மூளை என்பது ஒரு மாபெரும்—"

(இது என் பேராசிரியரின் குரல். அடித்துவிட்டேன்.)

பிறகு இப்படி: "அவள் கண்களில் ஒரு மின்னல்—"

(அவ்வளவு மின்சாரம் நாங்கள் தருவதில்லை. இதையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

மூன்றாவதாக வந்தது ஒரு பேச்சு. அதை வைத்துக்கொள்கிறேன்.

2

"தலைல தண்ணி வைக்கறதுன்னா சொல்லிட்டு வை கண்ணு. நேத்துதான் சாயம் போட்டேன்."

சொன்னவள் டெலிபோன் அண்ணி. டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கதவோரம் தன் முறைக்காகக் காத்திருந்தவள் அவளுடைய நாத்தனார், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இருவரும் ஒரே வீடு.

"சாயம் போனா போகட்டும் அண்ணி. உள்ள இருக்கறது போகாம இருந்தா சரி."

"உனக்கென்னம்மா. உள்ள இருந்தாதானே போறதுக்கு."

(பஞ்சு கட்டும் பெண் சிரித்தாள் என்று இங்கே எழுத வேண்டும். அந்தப் பெண் நான். என்னைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே இனி அவள் 'பஞ்சு'. அவர்கள் எனக்கு வைத்த பெயரும் அதுதான்.)

சோதனை எளிது. திரையில் இருபது முகங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தொழில். சில நாள் கழித்து வரும்போது முகம் மட்டும் வரும். தொழிலை அவர்கள் சொல்ல வேண்டும்.

அண்ணி இதற்கு ஏன் வந்தாள்? ஒரு காலத்தில் ஊரிலுள்ள பாதி நம்பர்கள் அவளுக்கு மனப்பாடம். போன மாதம் ஒரு கடையில் போன் நம்பர் கேட்டார்கள். சொந்த வீட்டு நம்பர் வரவில்லை. சிரித்துச் சமாளித்து நாத்தனாரின் செல் நம்பரைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை. தலை நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். வீட்டு மனிதர்கள் சொன்னால் நம்ப முடியாது. மெஷின் சொன்னால் நம்பலாம்.

3

அடுத்த முறை அண்ணி இருபதுக்குப் பதினெட்டு சொன்னாள். பஞ்சுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து டீச்சர் உட்கார்ந்தாள். திரையில் மீசைக்காரர் வந்தார்.

"ரொட்டிக்கடைக்காரர். பாவம், நர்ஸோட சண்டை போட்டுக்கிட்டு ரெண்டு நாளா சாப்பிடல."

"எந்த நர்ஸ் ஆன்ட்டி?"

"பச்சைக் கம்மல் போட்டவ. இவர் சம்சாரம். அந்தப் பல் டாக்டர் அவ தம்பி. அக்கா வீட்டுல உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருக்கானே, அவன்."

பஞ்சு கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான்: காய் நறுக்கும்போது இருவரும் அந்த இருபது பேரையும் ஒரே குடும்பமாக்கிவிட்டார்கள். கல்யாணம் செய்துவைத்து, சண்டை மூட்டி, சமாதானமும் செய்திருந்தார்கள். இது ஏமாற்று இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொன்ன நாங்கள், முகங்களைப் பற்றி வீட்டில் பேசாதீர்கள் என்று சொல்ல மறந்திருந்தோம்.*

* பிறகு அறிவுரைத் தாளில் ஒரு வரி சேர்த்தோம். "வீட்டில் வம்பு பேசக் கூடாது" என்று நான் எழுதியதை ஆய்வுத் தலைவர் "கலந்துரையாடக் கூடாது" என்று திருத்தினார். என் வரிதான் சரி.

4

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ பதினெட்டு வாங்கினது நானா, நீயா, மெஷினா?"

"மூணு பேரும்னு வெச்சுக்கங்களேன்."

"கணக்கு டீச்சர் பேசற பேச்சா இது?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குக் கடையில நீங்க முழிச்சதைப் பாத்தேன் அண்ணி. அதான் கதையை நானா ஆரம்பிச்சேன்."

அண்ணி பஞ்சுவிடம் திரும்பினாள்.

"புது மூஞ்சிங்க இருக்கா கண்ணு? எனக்கு மட்டும் காட்டு. இவளை வெளிய உட்கார வை."

ஆய்வுத் தலைவர் இருவரையும் ஆய்விலிருந்து நீக்கினார். ஆனால் அண்ணி விடவில்லை. கடைசியில் புது முகங்களைக் காட்டச் சம்மதித்தார். அதே மெஷின், கொஞ்ச நேர இடைவெளி, அன்றைக்கே சோதனை. "ஆனா இது எங்க கணக்குல சேராதும்மா" என்றார்.

"எனக்குச் சேரும்" என்றாள் அண்ணி.

5

கதைக்குச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் இருபதுக்கு இருபது வாங்குகிறாள். (மெஷின் விற்கிறவர்கள் எழுதுகிற முடிவு.)

பாதிகூட வரவில்லை. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு "நான் இருக்கேன் அண்ணி" என்று— (வேண்டாம். டீச்சர் என்னைத் திட்டுவாள்.)

மெஷினில் மின்சாரமே வரவில்லை என்று பிறகு தெரிகிறது. (இதைத்தான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கே இன்னும் தெரியாததை எப்படி எழுதுவது?)

நடந்தது இவ்வளவுதான். அண்ணி வெளியே வந்தாள். மார்க் எவ்வளவு என்று கேட்கவில்லை. டீச்சரின் கையைக் கோத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

"ஏய், கேளு. சுருட்டை முடிக்காரன் ஒருத்தன். சமையல்காரன். அவனுக்கும் ஒரு வக்கீலம்மாவுக்கும்..."

"ஐயோ, நெஜமாவா?"

"முழுசா கேளுடி!"

சுருட்டை முடிக்காரர் சமையல்காரர் இல்லை. பைலட். படத்தைக் காட்டியவள் நான். அண்ணி மறந்துவிட்டாளா? இல்லை, பாதி நாள் ஆகாயத்தில் இருக்கிறவனை வைத்துக்கொண்டு வீட்டுச் சண்டை நடத்த முடியாது என்று வேலையை மாற்றிவிட்டாளா? அறைக்குள் அந்த முகத்துக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அவளே கேட்காததை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வது?

அவர்கள் இன்னும் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேரவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்கிறது. வேண்டுமென்றால் நீங்கள் ஓடிப்போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கூச்சம்.