எலும்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு

"இது எலும்பு. சரி. பக்கத்துல வளைஞ்சு ஓடுதே, இது என்ன?"

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த வேன் டிரைவர் தலையை உயர்த்திப் பார்த்தாள். அவளுடைய வலது கைதான். ஒவ்வொரு விரல் எலும்பை ஒட்டியும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு.

"நரம்புங்களா டாக்டர்?"

"ரத்தக்குழாய். இதுல தெரியவே கூடாது. தெரிஞ்சா சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அவள் வலது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பிப் பார்த்தாள்.

"கிட்னி வேலை செய்யாததால பாஸ்பரஸ் ரத்தத்துலயே தங்கிடுது. அது ஏறினா கழுத்துல இருக்குற குட்டிச் சுரப்பிங்க எலும்பு ஹார்மோனைக் கொட்டித் தள்ளுது. அந்த ஹார்மோன் எலும்பை அரிச்சு கால்சியத்தை வெளிய இழுக்குது. எலும்புல இருக்க வேண்டியது குழாய் சுவர்ல போய் உட்காருது. கை, கால், இதயம்னு பாரபட்சமே கிடையாது. சாப்பாட்டுல வர்ற பாஸ்பரஸைப் பிடிச்சுக்குற மாத்திரையை ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோட போடுறீங்கல்ல?"

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டர்."

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்படியும் இப்படின்னா மாத்திரை கேக்கல. கழுத்துல ஆபரேஷன் பண்ணிச் சுரப்பியை எடுத்துடலாம். இந்த வாரமே."

டாக்டரம்மா அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். இவள் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் மாத்திரை தவறியதில்லை, அது நிஜம். இங்கே? மெஷின் ஓடும்போது தின்றால் கணக்கில் வராது என்பது இந்த வார்டின் எழுதாத சட்டம். தின்பதை மெஷினே இழுத்துக்கொள்ளுமாம், மாத்திரை எதற்கு? பாஸ்பரஸ் நிறைந்த சாக்லேட், சீஸ் என்று டயாலிசிஸுக்கு டயாலிசிஸ் விருந்துதான். விருந்துக்குக் கூட்டாளி, பக்கத்துக் கட்டில் பயில்வான். ஒரு காலத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? இந்தா, இன்னைக்கு முந்திரி போட்ட சாக்லேட்."

"என் கழுத்துல கத்தி வைக்கப் போறாங்க அண்ணே. நாம திங்கிறதைச் சொல்லிடவா?"

"மூச்சு விடாதே! எனக்கு இருக்குறதே இந்த ஒரு சந்தோஷம். வீட்டுல என் மருமக உப்பு டப்பாவுக்கே பூட்டு போட்டு வச்சிருக்கா."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அவர் சாக்லேட்டை நீட்டியபோது போர்வை சரிந்தது. இடது கால் வெளியே தெரிந்தது. சுண்டுவிரல் கரிக்கட்டையாக இருந்தது.

"அண்ணே... அந்த விரல்..."

"செருப்பு கடிச்சிருக்கும். முதல்ல உயிர் போற மாதிரி வலிச்சுது. இப்ப வலியே இல்ல, பாரேன்."

அவசரமாகப் போர்வையை இழுத்தார். மலை மாதிரி மனுஷன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மூடி வைத்திருக்கிறார்.

"டாக்டர்!" அவள் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "பொய் சொல்லிட்டேன் டாக்டர்! மெஷின்ல இருக்கும்போதெல்லாம் திங்கிறோம், மாத்திரை போடாம. ரெண்டு பேரும். அவர் காலைப் பாருங்க முதல்ல!"

"பாவி, காட்டிக் கொடுத்துட்டியே!" என்றார் பயில்வான். குரலில் கோபம் இல்லை.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"மெஷினால அவ்வளவையும் இழுக்க முடியாதும்மா. உங்க ஆபரேஷன் இப்ப வேண்டாம். முதல்ல ஒழுங்கா மாத்திரை, அப்புறம் திரும்ப டெஸ்ட்."

பேசிக்கொண்டே பயில்வானின் பாதத்தில் இரண்டு விரலை வைத்து நாடித் துடிப்பைத் தேடினார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். முகத்தில் ஈயாடவில்லை.

"சர்ஜனைக் கூப்பிடுங்க. உடனே."

நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் காலைக் காட்டுங்க."

காலையிலிருந்தே பாதம் இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. ஏசிக் குளிர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். போர்வை நுனியைப் பிடித்தாள். இழுக்கக் கை வரவில்லை.

"நீங்களே போர்வையை விலக்கிடுங்க டாக்டர்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.