வியாழக்கிழமை விற்கலாம்

"வித்துட்டியா?" என்று கேட்பதற்காகவே லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அன்று காலையில் இரண்டு முறை, வேலை பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்து வீட்டுக்கு போன் செய்தான். இரண்டு முறையும் அவன் மனைவி, "இல்லீங்க, நாளைக்கு" என்றாள். வெளியே மழையா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, அத்தனை சாதாரணமாக.

வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டியாக வேண்டும். கட்டினால் திங்கட்கிழமை அவளுக்கு ஆபரேஷன். இல்லாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். மார்பில் இருக்கும் கட்டி இன்னொரு மாதம் பொறுக்குமா என்று கேட்டபோது, டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "தள்ளிப்போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. அச்சகத்தில் கணக்கு எழுதும் அவள், ஓவர்டைம் காசையெல்லாம் சேர்த்து ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தாள். இன்று, புதன்கிழமை, விற்றால் நாளை பணம் கைக்கு வரும். நாளை விற்றால் வெள்ளிக்கிழமைதான். நடுவில் எது பிசகினாலும் போச்சு.

எல்லாம் அந்த டிவிடெண்டுக்காக, கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்கு வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் காசுக்காக. அதற்குக் கம்பெனி வியாழக்கிழமையைக் குறித்திருந்தது. புதன்கிழமை சந்தை மூடும்போது பங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் டிவிடெண்ட். மறுநாள் காலையிலேயே விற்றுவிட்டாலும் அது அவருக்கே வரும், புதிதாக வாங்கியவருக்கு வராது.

"அப்ப சும்மா வர்ற காசா?" என்று போன வாரம் கேட்டிருந்தான்.

"சும்மா எவன் குடுப்பான்? உங்க லிஃப்ட் மாதிரிதான். கூண்டு மேல போனா அந்தப் பக்கத்து வெயிட்டு கீழ வரணும்ல. குடுக்கிற அளவுக்கு வியாழக்கிழமை காலையில விலை இறங்கிடும்."

அதுதான் அவனை அரித்தது. லாபம் ஒன்றுமில்லை என்று அவளே சொல்கிறாள். பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம்?

மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான். பஸ்ஸில் வரும்போது அவளுடைய தம்பி கூப்பிட்டான். "அக்காவுக்குப் புத்தி கெட்டுப்போச்சா மாமா? நாலு காசுக்காக உசுரோட விளையாடுறா. போனைப் புடுங்கி நீங்களே வித்துத் தொலைங்க. அப்புறம் குறையுதுன்னு என் வாசல்ல வந்து நிக்காதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் சொல்லிவிட்டான்.

வீட்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைகள் ஒரு பக்கம், அவளுடையவை ஒரு பக்கம். எப்போதும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அடுக்குவாள். இந்த வாரம் வாஷிங் மெஷின் போடுவது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு மனுஷி எதற்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைக்கப் பயந்து, அவன் மெஷினையே குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூடுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. குடு, நான் விக்கிறேன்."

அவள் மறுக்காமல் போனைத் திறந்து நீட்டினாள். அவன் விரலில் இருந்த கிரீஸ் கண்ணாடியில் அப்பியது. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்றும் அவளே காட்டினாள்.

"ஏன்டி இப்படிப் பண்ற?" அதட்டலாகத்தான் ஆரம்பித்தான். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அவள் ஒரு துண்டை நீவி மடித்தாள். "திங்கக்கிழமை என்னைப் படுக்க வச்சிடுவாங்க. அதுக்கு இந்தப் பக்கம் எல்லாத்துக்கும் தேதி இருக்கு. ரத்தம் குடுக்கிற தேதி, பணம் கட்டுற தேதி. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்க. டிவிடெண்டு அடுத்த மாசம் இருபதாம் தேதிதான் கணக்குல ஏறும். அன்னைக்கு எனக்குன்னு ஒரு வேலை இருக்கட்டுமே. வந்துச்சா வரலையான்னு பாக்கணும்ல."

அவன் போனைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தான். மடித்த துணிகளை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தான், அவளுடையதையும் தன்னுடையதையும் ஒரே தட்டில். அதற்குள் சந்தை மூடிவிட்டது.

வியாழக்கிழமை காலை விலை சொன்னபடியே இறங்கியது. இறங்கிய இடத்தில் நிற்காமல் இன்னும் இறங்கியது. "ஏறுமான்னு பாப்பமா?" என்றாள். "வேணாம், வித்துடு" என்றான். அவள் விற்றாள். கடைசியில் வந்து நின்ற தொகையை இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள்.

"போதுமாங்க?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் ஒரு கணக்குக் கேட்டதில்லை. அச்சக முதலாளியின் கூட்டலிலேயே தப்புக் கண்டுபிடிக்கிறவள்.

"போதும். கொஞ்சம் மிச்சமே வரும்."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள்.

கீழே போய்விட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தான். படிகள் திரும்பும் இடத்தில் நின்று மச்சானின் நம்பரை அழுத்தினான். மணி போகப் போக முதல் வார்த்தையைத் தேடினான். 'கோவிச்சுக்காத' என்பதா, 'உங்க அக்காவுக்காக' என்பதா? எதை நினைத்தாலும் வாயில் வைக்குமுன் கசந்தது. மறு கையால் சுவரில் உரிந்திருந்த பெயின்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க மாமா" என்றது குரல்.

மேலே கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் குதிகாலை உயர்த்தி, சுவரில் தொங்கிய காலண்டரில் இந்த மாதத் தாளை இடக்கையால் தூக்கிப் பிடித்தபடி, அடியிலிருந்த தாளில் வலக்கையால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மேல் தாள் நழுவி நழுவி விழுந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பத் தூக்கினாள்.