ரிப்பன் கட்டிய இடம்

போலீசுக்குப் போன் செய்தபோது டோர்ஸ்டன் ஹால்க்விஸ்ட் "மான்" என்றுதான் சொன்னார். மனதறிந்து பொய் சொல்லவில்லை. நவம்பரில் நாலரை மணிக்கே காட்டுச் சாலை கும்மிருட்டாகிவிடும். வண்டியின் வலது பக்கம், சாலை ஓரமாக, 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோத்தன்பர்க் நகரத்துக்கு வடக்கே அந்தக் காட்டுப் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது. எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் ஒரு மான் கதை இருக்கும். கெட்ட நேரக்காரர் வீடாக இருந்தால் குதிரை உயரக் கடமான் கதை இருக்கும்.

மோதினால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போலீசுக்குச் சொல்ல வேண்டும். மோதின இடத்தில் ஒரு மரத்தில் ரிப்பன் கட்டி வைக்க வேண்டும். போலீஸ் சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேட்டைக்காரர் நாயோடு வருவார். அடிபட்ட மிருகத்தைத் தேடிப் பிடித்து, பிழைக்காது என்றால் அதன் வேதனையை முடித்து வைப்பார். டோர்ஸ்டன் சட்டம் தவறாத மனிதர். வண்டியிலேயே ஒரு சுருள் மஞ்சள் ரிப்பன் வைத்திருப்பவர். ஆனால் அன்றைக்குப் பனியும் மழையும் கலந்து முகத்தில் அறைந்தது. எழுபத்தெட்டு வயது முழங்கால் வேறு விண் விண் என்று தெறித்தது. பிரேக் போட்டு வண்டி நின்றதோ வளைவைத் தாண்டி. கொஞ்ச தூரம் பின்னால் நடந்தார். வளைவுவரை போகவில்லை. 'இங்கேதான் இருக்கும்' என்று ஒரு பைன் மரத்தில் ரிப்பனைக் கட்டிவிட்டு, விந்தி விந்தி வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே சுகமாக இருந்தது. சீட்டுக்குச் சூடு உண்டு. பிளாஸ்க்கில் காப்பி இருந்தது, கூடவே மனைவி குட்ரூன் கட்டிக் கொடுத்த இலவங்கப்பட்டை போட்ட பன். ரேடியோவில் யாரோ ஐஸ் ஹாக்கியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேறு யாராவது இப்படி அரைகுறையாக இடம் காட்டியிருந்தால் டோர்ஸ்டனே கிழி கிழி என்று கிழித்திருப்பார். ஏனென்றால் அதுதான் அவர் பார்த்த வேலை. வோல்வோ கம்பெனியில் விபத்து ஆராய்ச்சிக்கென்று ஒரு குழு எழுபதுகளிலிருந்தே உண்டு. ஊரைச் சுற்றி எங்கே அவர்கள் வண்டி பலமாக அடிபட்டாலும் குழு போய் நிற்கும். சக்கரத் தடத்தை அளக்கும், நசுங்கின தகரத்தைப் படம் எடுக்கும், பிழைத்தவர்களிடம் போய் என்ன நடந்தது என்று கேட்கும். அதில் கிடைத்த பாடம் அடுத்த வண்டியில் இரும்பாகவும் பஞ்சாகவும் போய்ச் சேரும். ஓய்வு பெறும்வரை டோர்ஸ்டனுக்கு வேறு உலகம் இல்லை.

கம்பெனியின் வரலாற்றை அவர் குடும்ப வரலாறு போலத்தான் சொல்வார். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் போடும் பெல்ட்டை ஐம்பத்தொன்பதிலேயே வண்டியில் வைத்தார்கள். காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல், எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தன் பாட்டன் சொத்தையே தானம் கொடுத்தவர் மாதிரி இருக்கும். கிராமத்தில் அவருக்குப் 'பெல்ட் டோர்ஸ்டன்' என்று பெயர். கேலிதான், ஆனால் மரியாதையும் உண்டு. மூன்று குட்டிக்கரணம் போட்ட வண்டியிலிருந்து இறங்கி நடந்து வந்தவர்கள் கடையில் அவரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

இப்போது அவர் உட்கார்ந்திருந்தது தொண்ணூறுகளில் வாங்கிய நீளமான வண்டி. ஆளைக் கண்டால் தானே பிரேக் போடும் புது மாடல் வந்து வெகுகாலம் ஆகிறது, அதை வாங்குங்கள் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். மனிதர் கேட்டால்தானே. ஊருக்குத்தான் உபதேசம்.

பிளாஸ்க் காலியான சமயத்தில் ராக்ன்ஹில்ட் வந்து சேர்ந்தாள். பால்பண்ணைக்காரி, ஐம்பது வயது, வாட்டசாட்டமான ஆள், அந்த வட்டாரத்துக்குப் போலீஸ் கூப்பிடும் வேட்டைக்காரி. ஃபியா என்ற அவளுடைய நாய் இறங்கினதுமே உடம்பைச் சிலுப்பிக்கொண்டது.

"வோல்வோவா? அப்போ மானுக்குத்தான் கெட்ட நேரம்," என்றாள் கண்ணாடியைத் தட்டி.

"பழைய வண்டி. ஆனா இரும்பு."

"ஓட்டறவரும் அப்படித்தானே! எந்தப் பக்கம் ஓடிச்சு?"

"பாக்கல. திடீர்னு எங்கிருந்தோ வந்துச்சு."

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே வாய் கசந்தது. அடிபட்ட ஓட்டுநர்கள் எத்தனை பேர் இதே வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்! 'எங்கிருந்தோ வர்றதுக்கு அது என்ன ஆவியா? ரோட்டுலதான் இருந்திருக்கும், இவன் பாத்திருக்கமாட்டான்' என்று திரும்பி வரும் வழியில் குழுவோடு சேர்ந்து சிரித்தவர் அவர்.

ராக்ன்ஹில்ட் ரிப்பன் கட்டின மரத்தடியில் நாயை விட்டாள். ஃபியா சாலையோரம் மோந்தது, பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, திரும்பி வந்து எஜமானியின் முகத்தைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் நனைந்து வந்தார்கள்.

"ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஒரு ரோமம் இல்ல. ஃபியாவுக்குக் கொட்டாவி வருது. லேசா உரசிட்டு ஓடியிருக்கும். வீட்டுக்குப் போங்க டோர்ஸ்டன், குட்ரூன் தேடுவாங்க. காலைல வெளிச்சத்துல நான் இன்னொரு தரம் பாத்துக்கறேன்."

"அந்த டார்ச்சைக் கொஞ்சம் குடு."

பழக்கதோஷம்தான். வேறொன்றும் இல்லை. வண்டியின் வலது பக்கம் போய்க் குனிந்து வெளிச்சத்தை அடித்தார். பக்கக் கண்ணாடி பின்பக்கமாக மடங்கியிருந்தது. முன்சக்கரத்துக்கு மேலே தகரத்தில் ஒரு நீளக் கீறல், அவர் இடுப்பு உயரத்தில், கோடு போட்டது போல நேராக. அதில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. மான் இப்படிக் கோடு போடாது. மான் பள்ளம் போடும், ரோமம் விட்டுப் போகும். அவருக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அது சைக்கிளின் கைப்பிடி.

பின்னால் ராக்ன்ஹில்ட் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினால் முடிந்தது. அவள் போய்விடுவாள், இவரும் போய்விடலாம். கீறலை அவர் தவிர யாரும் பார்க்கவில்லை. குட்ரூனுக்கு இடுப்பு எலும்பு அறுவை ஆனதிலிருந்து கடை, ஆஸ்பத்திரி, தேவாலயக் கோரஸ், எல்லாவற்றுக்கும் இந்த வண்டிதான், இவர்தான் ஓட்ட வேண்டும். லைசென்ஸ் போனால் இரண்டு பேரும் காட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான். போகட்டும், கடைக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது? 'பெல்ட் டோர்ஸ்டன் ஒரு ஆளை இடிச்சிட்டுக் காப்பி குடிச்சானாம்.' இதையெல்லாம் அவர் நினைக்கத்தான் செய்தார். அவரை மகாத்மா ஆக்க நான் தயாராக இல்லை. டார்ச்சைக் கீறல்மேலேயே பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"என்ன, பெயிண்ட் போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டாள் ராக்ன்ஹில்ட்.

"ராக்ன்ஹில்ட், அது மான் இல்ல."

"பின்ன? பன்னியா?"

"சைக்கிள்."

அவள் பக்கத்தில் வந்து கீறலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ரிப்பன் கட்டின இடம் சரிதானே?"

"இல்ல. வளைவுக்கு அந்தப் பக்கம். ஓடைப் பாலத்துக்கிட்ட இருக்கணும். நான் அவ்வளவு தூரம் நடக்கல."

"நீங்களா? ஊரையே அளந்த ஆளு நீங்க!"

அவள் போய்த் தன் வண்டிக் கதவைத் திறந்தாள். நாயைக் கீழே இறக்கிவிட்டு ஓட ஆரம்பித்தாள். டோர்ஸ்டனும் பின்னாலேயே போனார். முழங்கால் வலித்ததா என்று பிறகு அவருக்கு நினைவில்லை.

பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஃபியா குரைத்தது. முதலில் சைக்கிள் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், ஓடைத் தண்ணீரில் பாதி உடம்பு நனைந்தபடி ஒரு பெண் கிடந்தாள். ஐலா என்ற ஃபின்லாந்துக்காரி; முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. டோர்ஸ்டன் பார்த்துப் பழகின முகம்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. ராக்ன்ஹில்ட் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே அவளைத் தண்ணீரிலிருந்து மெல்ல இழுத்தாள். டோர்ஸ்டன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார், ஸ்வெட்டரையும் கழற்றினார்.

"நீதானா அது?" என்றாள் ஐலா. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"நான்தான்."

"கிறிஸ்துமஸ் மரம் மாதிரி உடம்பெல்லாம் ரிஃப்ளெக்டர் மாட்டியிருக்கேனே, கண்ணு எங்கே போச்சு உனக்கு?"

"பாக்கல. என்மேலதான் தப்பு."

"போன் தண்ணில விழுந்துடுச்சு. மரத்துக்கு நடுவுல உன் சிவப்பு லைட்டு தெரிஞ்சுது. நின்னுட்டான், இதோ வந்துடுவான்னு நினைச்சேன். வரவே இல்ல. ஆனா லைட்டும் போகல. கத்திக் கத்திப் பாத்தேன்." அவள் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நேரம் உள்ள உக்காந்து என்னய்யா பண்ணிட்டு இருந்தே?"

பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "காப்பி குடிச்சிட்டு இருந்தேன்," என்றார்.

ஐலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தை ராக்ன்ஹில்ட் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. குளிரில் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும், இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூடவே வந்த போலீஸ்காரி ஊதச் சொன்னாள், ஊதினார். கேட்டாள், நடந்ததை நடந்தபடி சொன்னார். ரிப்பன் கட்டின மரத்தைக் காட்டினார். வளைவைக் காட்டினார். அவள் கேட்பதற்கு முன்னாலேயே லைசென்ஸை எடுத்து நீட்டினார். வண்டிச் சாவியை ராக்ன்ஹில்ட்டிடம் கொடுத்தார். அவள் அவரைத் தன் ஜீப்பில் நாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மாட்டுக்குப் போர்த்தும் கம்பளி ஒன்றைத் தோளில் போட்டாள்.

அங்கிருந்துதான் வீட்டுக்குப் போன் செய்தார்.

"எங்கே போய்த் தொலைஞ்சே? சாப்பாடு ஆறிப்போச்சு," என்றாள் குட்ரூன்.

"ஒரு விபத்து, குட்ரூன்."

"ஐயோ! உனக்கு அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல."

"நெஜமா?"

"ஒண்ணுமே ஆகல."

"அப்பாடா!" அவள் மூச்சுவிடுவது கேட்டது. "எல்லாம் அந்த வண்டி செஞ்ச புண்ணியம். மகள் என்ன வேணா சொல்லட்டும். எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கு, உன்னையும் காப்பாத்திடுச்சு பாரு!"

டோர்ஸ்டன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். குட்ரூன் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்றாள்.

"என்னை யாரும் இடிக்கல," என்றார் கடைசியில். "நான்தான் ஒரு பொண்ண இடிச்சேன். பள்ளத்துல கிடந்து கூப்பிட்டிருக்கா. வண்டி என்னை ரொம்ப நல்லாத்தான் பாத்துக்கிச்சு, குட்ரூன். அவ கத்தினது ஒண்ணுகூட உள்ள கேக்கல."