ஒன்றாம் எண்

அட்டைப்பெட்டி ஒட்டும் மெஷின் காலையிலிருந்து பசையைக் கண்டபடி கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டி வந்து நிற்பதற்கு முன்பே பசை விழுந்தால் எதைத்தான் ஒட்டுவது? பசை விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு மெஷினை ஆட்டிவைக்கிற பிஎல்சி என்கிற கருவியோடு கம்ப்யூட்டரை இணைத்தாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பேனல் கதவைத் திறந்து, காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப். கேபிளின் உருண்டை முனையை பிஎல்சியில் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினாள். பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவதால் ஆலையே அவருக்கு ஃப்யூஸ் என்று பெயர் வைத்திருந்தது. அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லும் தைரியம் மட்டும் யாருக்கும் இல்லை.

கேபிளைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டது. இனி பிஎல்சியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் அது பதில் பேசும். அவள் ஒன்று என்று போட்டு அழுத்தினாள். பதில் இல்லை.

"என்னம்மா, வாயே திறக்க மாட்டேங்குது?"

"நம்பர் மாத்தி வெச்சிருக்காங்க அண்ணே."

"என்ன நம்பராம்?"

அவள் கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினாள். எண் இரண்டு. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் ஒன்றைப் போட்டாள்.

இந்த பிஎல்சிக்கு ப்ரோக்ராம் எழுதியவன் எந்த ஆலையிலும் ஒன்றாம் எண்ணை எதற்கும் கொடுக்கமாட்டான், இரண்டிலிருந்துதான் தொடங்குவான். கடையிலிருந்து புதிதாக வரும் பிஎல்சி எல்லாமே ஒன்று என்ற எண்ணோடுதான் வரும். அதே வயரில் ஏற்கெனவே ஒரு ஒன்று இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் போய், எது பேசுவதும் விளங்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிவிட்டு, "புதுசா வர்றவங்களுக்கு ஒரு இடம் விட்டு வைக்கணும்ல" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் சொன்னது பிஎல்சியைப் பற்றித்தான். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மனசு அதைப் பிடித்துக்கொண்டு கோட்டை கட்டிவிட்டது. மனசுக்குள் மட்டும்தான் 'அவன்'. வாயில் எப்போதும் 'சார்' தான்.

எத்தனையோ ஆலைகளில் அவனோடு ஒரே பேனல் முன்னால் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பாட்டைப் பகிர்ந்து, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமலே அவள் காலத்தை ஓட்டினாள். அவன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனான். "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். அங்கேதான் வினை. சும்மா கூப்பிட அவளுக்கு வாய் வராது. ஏதாவது வேண்டியிருக்க வேண்டுமே. வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதில் இப்படியும் ஒரு தொல்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "லாரி வெளிய நிக்குதும்மா. இதைப் போட்டவரையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே. அவர் நம்பர் இருக்கா?"

"இருக்கு" என்றாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முகத்தை ஃப்யூஸ் பார்த்துவிடக் கூடாதே என்று பேனல் பக்கம் திரும்பிக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

எடுத்துவிட்டான். "என்ன புதுசு, நல்லா இருக்கியா?"

'புதுசு', அவளுக்கு அவன் வைத்த பெயர். மறக்கவில்லை.

"நல்லா இருக்கேன் சார். அட்டைப்பெட்டி கம்பெனியில இருக்கேன். கனெக்ட் ஆகல. பிஎல்சி நம்பர் என்ன வெச்சீங்கன்னு…"

உனக்குத் தெரியாதா, எல்லா இடத்திலும் நான் என்ன செய்வேன் என்று அவன் கேட்பான். நீ மறந்துட்டியா என்று கிண்டல் செய்வான். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணுதான்" என்றான் அவன். "நான் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே போடுவேன். அதைப் போய் எதுக்கு மாத்தப் போறேன்?"

புதுசா வர்றவங்களுக்கு இடம் விடணும்னு சொன்னீங்களே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அழுகை வரும் போலிருந்தது, திரையைப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கியா? இன்னொரு தடவை ஒண்ணு போட்டுப் பாரு. கேபிள் மக்கர் பண்ணியிருக்கும்."

"பாக்குறேன் சார்."

ஒன்றை அழித்தாள். இரண்டு என்று போட்டு அழுத்தினாள். அவன் எழுதியதெல்லாம் வரி வரியாகத் திரையில் இறங்கத் தொடங்கியது.

"வந்துச்சா?"

"வந்துடுச்சு சார்."

"ஒண்ணுதானே?"

"ஆமா சார். ஒண்ணுதான்."

"பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.